பத்து வீடுகளின் ஒரு நாள்

குல்சார் பேகத்தின் வாசலில் நோட்டோடு போய் நின்றபோது, அவள் தன்னை முன்பின் தெரியாதவளைப்போல நடத்துகிறாள் என்று வேல்விழிக்குத் தோன்றியது. நான்கு வருடமாக ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் குடியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அந்தப் பக்கம் நோன்புக் கஞ்சி இறங்கினால் இந்தப் பக்கம் ஒரு தூக்குவாளி வந்துவிடும். அப்படிப்பட்டவளின் கண் இன்று வேல்விழியின் முகத்துக்கு வரவே இல்லை. நோட்டின் மீதே நின்றது.

"அக்கா, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் வேல பாக்குறீக?"

குல்சார் பேகம் ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"எட்டு மணி நேரம். காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் ஆறு. நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு. ஞாயித்துக்கெழம லீவு. குடிக்கிற தண்ணி சுத்தமா இருக்கு."

"தண்ணியப் பத்தி நான் கேக்கலியேக்கா."

"கேட்டாலும் கேக்காட்டியும் சொல்லிரணும்."

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். குல்சார் பேகம் கம்பெனியிலிருந்து வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் தலைமுடியில் பிசிறு வெட்டிய நூல் துணுக்குகள், நீலமும் வெள்ளையுமாக, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. வேல்விழி அவற்றைப் பார்த்தாள். பிறகு குனிந்து 'எட்டு' என்று எழுதினாள். கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அந்த வரிசையில் பன்னிரண்டு வீடுகள். மேலே ஆஸ்பெஸ்டாஸ். கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு குளியலறைகளும். சித்திரை வெயிலில் கூரை மதியமே கொதிக்கத் தொடங்கி, எல்லோரும் தூங்கிய பிறகும் ஆறாமல் கிடக்கும். குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பின்னால் இருந்த ஒரே பனியன் கம்பெனிக்குத்தான் போனார்கள். வேல்விழி அங்கே செக்கிங். மேசையில் வந்து விழும் பனியன்களை விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அவள் புருசன் ராக்கையா அயர்ன் மாஸ்டர்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவை கம்பெனிக்கு ஆடிட் வரும். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் ஆட்கள் நோட்டோடு வந்து விசாரிப்பார்கள். அதற்கு முதல் நாள் மேனேஜர் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பார். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. ஞாயிற்றுக்கிழமை? லீவு. தண்ணீர்? சுத்தம். தப்பாகச் சொன்னவர்களைத் தனியாக நிறுத்தி மறுபடி கேட்பார். அன்றைக்கு மட்டும் எல்லோர் மூக்கிலும் தூசிக்குக் கட்டும் துணி ஏறும். வயது குறைந்த பிள்ளைகள் வேனில் ஏற்றி எங்கேயோ அனுப்பப்படுவார்கள்.

போன வருடம் ஒரு பெண் லைன் வீடுகளுக்கே வந்தாள். பருத்திச் சேலை, தோளில் துணிப்பை, கையில் நோட்டு. தமிழில் அன்பாகப் பேசினாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கடைசி வீட்டிலிருந்த மூக்கம்மாள் அவளிடம் மனம் விட்டுப் பேசிவிட்டாள். அடுத்த வாரம் மூக்கம்மாள் உட்பட ஆறு பேருக்கு வேலை இல்லை. அந்தப் பெண் யார், யாரிடம் போய் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நோட்டு மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

இப்போது அதேபோல ஒரு நோட்டு வேல்விழியின் கையில்.

அவள் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, பதினான்கு வயதில் விருதுநகர்ப் பக்கமிருந்து வேனில் ஏறித் திருப்பூர் வந்தவள். பள்ளிக்கூடம் முடிக்காதவர்களும் சேரலாம் என்று ஒரு திறந்தநிலைப் படிப்பு இருந்தது. தமிழ், பொருளாதாரம், கலை, கற்பித்தல் என்று எல்லாவற்றிலும் அரிச்சுவடி போல ஒரு பாடம். ஒரு வருடம் படித்துத் தேர்வு எழுதினால் பட்டப்படிப்புக்குள் நுழையலாம். வகுப்பு ஞாயிறு காலைகளில், டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில். ராக்கையா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தான். "ஒரு வருசம். அதுக்குள்ள முடிச்சா முடி. முடியலேன்னா மறுபடி அந்தப் பேச்ச எடுக்காத."

தேர்வுக்கு முன் ஒரு களப்பணி முடிக்க வேண்டும். 'நேரமும் ஒரு வளம். பத்துக் குடும்பங்களைச் சந்தித்து, அவர்கள் ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்பதை அட்டவணைப்படுத்துக. தகவல் தருபவர் கூறுவதை மாற்றாமல் எழுதுக. கையொப்பம் பெறுக.' பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

வேல்விழி மாற்றாமல் எழுதினாள்.

லைனில் வாடகை வாங்கும் மயிலாள் இந்த ஊர்க்காரி. அவள்கூட வாசலில் நின்றுகொண்டே பதில் சொன்னாள். "நானுமே அங்க டெய்லருக்குக் கைமடிச்சுக் குடுக்கப் போறவதானுங் கண்ணு. எட்டு மணி நேரந்தான். மிச்ச நேரம் டிவி பாக்கறன்னு எழுதிக்க. எங்க கையெழுத்துப் போடோணும்? இங்கயா? இது வேற எதுக்கும் போவாதில்ல?"

"காலேஜுக்குத்தான்க்கா."

"காலேஜுக்கு எதுக்குக் கண்ணு நாங்க தூங்கறது?"

வேல்விழி பேனாவை நீட்டினாள்.

பத்தாவது வீடு அவளுடையதே. ராக்கையா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். கேட்டாள். அவனும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நேராக நின்று, ஒப்பித்தான். அவன் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

---

அடுத்த ஞாயிறு ஆத்தப்பன் சார் நோட்டைப் புரட்டினார். மூன்று கல்லூரிகளில் மணிக்கணக்கில் பாடம் எடுத்துவிட்டு ஞாயிறுகளில் இங்கே வருபவர். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா இருக்கும். சிவப்பை எடுத்தார். எழுதாமல் மூடினார்.

"இத ஊட்டுல உக்காந்து எழுதினீங்களாம்மா?"

"இல்லீங்க சார். பத்து வீட்டுக்கும் போனேன் சார். கையெழுத்து இருக்கு."

"கையெழுத்து இருக்குது. பத்துப் பேரும் ஆறு மணிக்கு எந்திரிக்கறாங்க. பத்துப் பேரும் பத்து மணிக்குத் தூங்கறாங்க. பத்துப் பேரும் சொல்லி வெச்ச மாதிரி நாலு மணி நேரம் பொழுது போக்கறாங்க. நீங்க திருப்பூர்லதான இருக்கறீங்க?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"அவங்க சொன்னதத்தான் சார் எழுதியிருக்கேன்."

"ஊட்டுல உக்காந்து எழுதிட்டு வர்றவங்க எல்லாரும் இதேதாம்மா சொல்றாங்க." குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "அடுத்த ஞாயித்துக்கெழம கடைசி. வேற எழுதிட்டு வாங்க. இல்லீன்னா ஹால் டிக்கெட்டுக்கு உங்க பேர நான் அனுப்ப முடியாது."

பஸ்ஸில் திரும்பும்போது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் ஆட்கள் தேவை என்று பலகை தொங்கியது. டெய்லர், செக்கிங், பேக்கிங். அவளுக்குத் தெரிந்த எல்லா ஓட்டைகளும் துணியில் இருப்பவை. விரித்துப் பிடித்தால் வெளிச்சம் தெரியும். இந்த நோட்டில் ஓட்டையே இல்லை. அதுதான் பிழை. அம்புக்குறியை எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.

---

திங்கட்கிழமை ராக்கையா வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றவில்லை. தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். தொடவில்லை.

"நோட்ட எடு."

"எந்த நோட்டு மாமா?"

"லைனெல்லாம் கையெழுத்து வாங்கினியே, அது. மேனேஜர் கூப்பிட்டு விட்டான். உம் பொண்டாட்டி என்னமோ எழுதிக்கிட்டுத் திரியுறாளாமேங்கிறான். பாய்லர்கிட்ட நிக்கும்போதுகூட எனக்கு இப்பிடி வேர்த்ததில்ல."

"யாரு மாமா சொன்னது?"

"யாரு சொன்னா என்ன. பன்னெண்டு வீடு இருக்கு. பன்னெண்டு வாயி இருக்கு."

நோட்டை வாங்கிப் பல்புக்குக் கீழே பிடித்தான். இரண்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவன். தன் பெயரை எழுதத் தெரியும். மற்றவர்களின் பெயரை வாசிக்கத் தெரியாது. பக்கம் பக்கமாகத் திருப்பி, கீழே இருந்த கையெழுத்துகளை மட்டும் விரலால் எண்ணினான்.

"யாருக்குடி எழுதுற?"

"படிப்புக்கு."

"படிப்புக்குன்னா புத்தகத்தப் பாத்து எழுது. ஊரான் எத்தன மணிக்கு எந்திரிக்கான், எத்தன மணிக்குப் படுக்கான், உனக்கு எதுக்கு? பத்துப் பேரு கையெழுத்து ஒரு எடத்துல இருந்தா அதுக்குப் பேரு மனு. மூக்கம்மா கதைய நீ பாத்தவதான?"

"நானா அவள மாட்டிவிட்டேன்?"

"நோட்டு மாட்டிவிட்டுச்சு."

அவன் அந்த ராத்திரி நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினான். காலையில் மஞ்சள் பையில் போட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோனான். மேனேஜரிடம் தானே கொடுத்துவிட்டால் வேலையாவது மிஞ்சும் என்பது அவன் எண்ணம். வேல்விழி தடுக்கவில்லை. செக்கிங் மேசையில் அன்று இரண்டு ஓட்டைகளைத் தவறவிட்டு, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள்.

---

புதன்கிழமை மதியத்துக்கு மேல் பராமரிப்புக்காகக் கரண்ட் கிடையாது. கம்பெனியை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். வேல்விழி முன்னதாகவே வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ராக்கையா வந்து நோட்டைத் திண்டுச் சுவரில் வைத்தான். கிழியவில்லை. அட்டையில் காப்பி டம்ளரின் வட்டம் மட்டும் ஒன்று விழுந்திருந்தது.

"குடுத்துட்டானா?"

"குடுத்துட்டான்." உள்ளே போய் உட்கார்ந்தான். சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தான். "எனக்கு டீ குடுத்தான்."

"யாரு?"

"மேனேஜர். நேத்து வாங்கி வச்சுக்கிட்டவன் இன்னைக்குக் கூப்பிட்டு, உக்காரச் சொல்லி டீ குடுத்தான். பதினோரு வருசத்துல அந்தாளு என்னைய உக்காருன்னு சொன்னதில்ல. நோட்ட முழுசாப் படிச்சான். சிரிச்சான். பையனக் கூப்பிட்டு எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னான். அடுத்த மாசம் ஆடிட் இருக்காம். காலேஜுல படிக்கிற பிள்ள எழுதுனதுன்னு ஃபைல்ல வைக்கப் போறானாம். நீ வந்து ஒரு கையெழுத்துப் போடணுமாம்."

வேல்விழி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"அப்பறம் என்ன மாமா. நீங்க பயந்த மாதிரி இல்லையே."

"இல்லதான். ஆனா அவன் சிரிச்சது எனக்குப் பிடிக்கல. அவனுக்கு இம்புட்டு பிடிக்கிற மாதிரி அதுல என்னத்த எழுதி வச்சிருக்க? வாசி."

"எதை?"

"எம் பக்கத்த வாசி."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "குடும்பம் பத்து. ராக்கையா. வேலை, எட்டு மணி நேரம். தூக்கம், எட்டு மணி நேரம். உணவும் குளியலும், இரண்டு மணி நேரம். வீட்டு வேலை, இரண்டு மணி நேரம். பொழுதுபோக்கு, நாலு மணி நேரம்."

"திரும்ப வாசி. கடைசிய."

"பொழுதுபோக்கு, நாலு மணி நேரம்."

ராக்கையாவின் முகம் மாறியது. மேனேஜர் கூப்பிட்டபோதுகூட அவனுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"நாலு மணி நேரம் நான் எங்கடி பொழுது போக்குனேன்? எவன் சொன்னான்?"

"நீங்கதான் சொன்னீக. தல துவட்டிக்கிட்டே சொன்னீக."

அவன் காலிச் சொம்பைக் கையில் உருட்டினான். கூரைத் தகடு வெயிலில் ஒருமுறை படக்கென்று சத்தம் போட்டது.

"நீ நோட்டப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டியா," என்றான் பிறகு. "வாயில அதுதான் வந்துச்சு. வேற வரல."

"சாரும் நம்பல மாமா. வீட்டுல உக்காந்து நானா எழுதிட்டேன்னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற குடுக்கலேன்னா ஹால் டிக்கெட் கிடையாது. நீங்க சொன்ன ஒரு வருசம் இதோட போச்சு."

ராக்கையா எழுந்து கதவைச் சாத்தினான். சன்னலையும் சாத்தினான். உள்ளே அடுப்புக்குள் இருப்பதுபோல இருந்தது.

"வேற நோட்டு எடு. பேரு போடாத."

"போடல." பத்தாவது குடும்பத்துக்கான பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கதவு நம்பரும் போடாத."

"போடல மாமா."

"எழுது. காலைல அஞ்சரைக்குத் தண்ணிக்கு நிக்கேன். எட்டரைக்குக் கம்பெனி. ராத்திரி எட்டர வரைக்கும் ஒண்ணர ஷிப்ட். வாரத்துல ரெண்டு நா, சரக்கு அனுப்புறன்னைக்கு, ராத்திரி ஒரு மணி. ஞாயித்துக்கெழம அர நாளு. நின்னுக்கிட்டேதான். நிக்கிறதுக்குன்னு அதுல ஒரு கட்டம் இருக்கா?"

"இல்ல."

"சரி விடு. சாப்பாடு இருவது நிமிசம். வந்தா இடுப்பு வலிக்கும். படுத்தா ஒடனே தூக்கம் வராது. இஸ்திரிப் பெட்டியோட ஆவி காதுக்குள்ள சொய்ங்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அது ஒரு அர மணி நேரம். அது எந்தக் கட்டத்துல வரும்? தூக்கத்துலயா, வேலைலயா?"

வேல்விழி பென்சிலை நிறுத்தி யோசித்தாள். "வேலையிலதான்," என்று எழுதிக்கொண்டாள்.

"உன்னோடது?"

"கடைசியா எழுதிக்கிறேன்."

"இப்ப எழுது. நான் பாக்கேன்."

எழுத எழுத வாய்விட்டுச் சொன்னாள். கூட்டிப் பார்த்தபோது தூக்கத்துக்கு நாலரை மணி நேரம்தான் மீந்தது. ராக்கையா விரல்விட்டுத் தானும் எண்ணினான். பிறகு சந்தேகத்தோடு அவளைப் பார்த்தான்.

"இதுல படிக்கிற நேரம் எங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த நாலரைக்குள்ளதான்."

அப்போது சுவர் தட்டப்பட்டது. அந்தப் பக்கத்திலிருந்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக, குல்சார் பேகத்தின் குரல் வந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை.

"ஏலா வேலு. பேரு போடலதான?"

"இல்லக்கா."

"பெத்தவ மேல சத்தியமா?"

"சத்தியமாக்கா."

"அப்ப எங்க வீட்டையும் எழுதிக்க. வாசலுக்கு வராத. அங்கிட்டு இருந்தே எழுது."

சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேல்விழி எழுதினாள். அந்தப் பக்கம் கீரை நறுக்கும் சத்தத்துக்கு நடுவே ஒரு நாள் துண்டு துண்டாக வந்தது.

மற்ற வீடுகளுக்கு அவள் போகவில்லை. குல்சார் பேகம் சொல்லியிருக்க வேண்டும்; அவர்கள்தான் வந்தார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. தண்ணீர்த் தொட்டியில் குடம் நிரம்பும் நேரத்தில் ஒருத்தி சொன்னாள். கடையில் தேங்காய்ச் சில்லு வாங்கும்போது ஒருவர் காதருகே சொல்லிவிட்டுப் போனார். மயிலாள் வாடகை கேட்க வருபவள்போல வந்து, சத்தமாக வாடகை கேட்டு, அதற்கு நடுவே தணிந்த குரலில் தன் நாளைச் சொன்னாள். "மொதல்ல குடுத்த கையெழுத்து அப்படியே இருக்கட்டுங் கண்ணு. இது நாஞ் சொன்னதில்ல. ஆரு கேட்டாலும் நாஞ் சொன்னதில்ல."

சனிக்கிழமைக்குள் பத்தும் சேர்ந்துவிட்டது. பத்தில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை.

---

ஞாயிற்றுக்கிழமை ராக்கையா தானும் வருவதாகச் சொன்னான். அந்த அரை நாளை விட்டுவிட்டு வந்தான். "அந்த வாத்தியாரு எப்பிடியாப்பட்ட ஆளுன்னு பாக்கணும்," என்றான். அயர்ன் மாஸ்டரின் சட்டை, கைமடிப்பு கத்திபோல நின்றது. வகுப்பு முடியும்வரை பள்ளிக்கூட வேப்பமரத்தடியில், வாசல் தெரியும்படி உட்கார்ந்திருந்தான். போகிற வருகிற ஒவ்வொருவரையும் பார்த்தான். எல்லோர் கையிலும் நோட்டு இருந்தது.

ஆத்தப்பன் சார் மேசையில் வேல்விழி இரண்டு நோட்டையும் வைத்தாள். அவர் புதியதை எடுத்தார். முதல் பக்கத்தை வேகமாகப் பார்த்தார். இரண்டாவதை மெதுவாக. நாலாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதுல ஆரு பேரும் இல்லியே."

"இல்லீங்க சார்."

"கையெழுத்தும் இல்ல. அப்பறம் இத ஆரு சொன்னாங்கன்னு நான் எப்படிம்மா நம்பறது?"

"பேரு போட்டத நீங்க நம்பலியே சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பழைய நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் நம்பறேன்," என்றார் கடைசியில். "என்ற நம்பிக்கைய வெச்சு மார்க் போட முடியாது. மேல ஒருத்தர் வந்து நோட்டப் பாப்பாரு. ஒரு குடும்பமாவது கையெழுத்துப் போட்டிருக்கோணும். இதுல உங்க குடும்பம் எது?"

"பத்தாவது சார்."

"அதுல போடுங்க. போதும்."

பேனாவை நீட்டினார். இந்தத் தடவை நீலம். வேல்விழி வாங்கவில்லை. பேரு போடாத, கதவு நம்பரும் போடாத. சாத்திய கதவுக்குப் பின்னால் கொடுத்த வாக்கு. மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தாள். ராக்கையா வேப்பமரத்தடியில் இல்லை. நிலைப்படியில் நின்றிருந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டிருந்தான்.

"அவரு ஆருங்க?"

"பத்தாவது குடும்பம் சார்," என்றாள்.

ராக்கையா உள்ளே வந்தான். ஆத்தப்பன் சாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். வேல்விழியிடம், "நான் போட்டா ஒனக்கு அந்தச் சீட்டு வந்துருமா?" என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் பேனாவை வாங்கி, குனிந்து, இஸ்திரி போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வதுபோலக் கடித்துக்கொண்டு, நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாக இறக்கினான். ரா, க், கை, யா.

ஆனால் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார்."

"நான் என்னங்க எழுதோணும்?"

"இந்த நோட்டு எங்க கம்பெனிக்கும் போகாது, ஆடிட்டுக்கும் போகாது, பரீட்சைக்கு மட்டுந்தான்னு. கீழ உங்க கையெழுத்து."

பின் பெஞ்சில் இன்று யாரும் சிரிக்கவில்லை. ஆத்தப்பன் சார் நோட்டை மூடினார். மறுக்கப்போகிறார் என்றுதான் வேல்விழி நினைத்தாள். அவர் வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளைக் கிழித்து, பேனாவை வாங்கி, இரண்டு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

ராக்கையா தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பினான். மடித்துப் பையில் வைக்கப்போனவன் நிறுத்தி, வேல்விழியிடம் நீட்டினான்.

"நாங் கேட்டததான் எழுதியிருக்காரா? வாசி."

அவள் வாசித்தாள். வாசித்து முடிக்கும்வரை அவன் கண்ணை வாத்தியாரின் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"ஒண்ணும் விடலயே?"

"விடல மாமா."

"இன்னொரு தடவ வாசி," என்றான். "மெதுவா."